பால் கொடுத்துக்கொண்டு ஒருபொழுது இருந்த ஆடி

காலை ஒன்பது ஐந்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. அது என் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரச் சீட்டுக்கு இழுத்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் டவுன் பஸ். எழுந்து எனக்கு இடம் விட்ட பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். மடியில் இருந்த பூக்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "உக்காரு தாயி, மாசமா இருக்கிற பிள்ள எம்புட்டு நேரம் நிப்ப" என்றாள்.

நான் மாசமாக இல்லை. பிள்ளை பெற்று மூன்று மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகியிருந்தன. கரிவலத்தில் காலில் அறுவை செய்துகொண்டு படுத்திருந்த ஒரு உறவுக்காரரைப் பார்க்க, குழந்தைக்குப் பால் கொடுத்து, கணவருடைய அக்காவிடம் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். எத்தனை மாதம் என்று அவள் கேட்டாள். ஏழு என்றேன். பேருந்து நிலையம் வரும் வரை முதல் பிரசவமா, தலை கீழே திரும்பிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இறங்கும்போது என் கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்தாள்.

வீட்டுக்கு வந்து எடை பார்த்தேன். எழுபத்தொன்று. கருத்தரிப்பதற்கு முன் ஐம்பத்தெட்டு. பிரசவத்துக்கு முந்தின நாள் எழுபத்து நான்கு. அதாவது, இரண்டே முக்கால் கிலோ பிள்ளையை வெளியே எடுத்த பிறகும் நான் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றேன்.

மறுநாள் தையல்கடைக்குப் போனேன். பழைய ரவிக்கைகளில் நான்கை எடுத்துப் போய்ப் பிரித்து விடச் சொன்னேன். தையல்காரர் ஒவ்வொன்றையும் உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு மேல பிரிக்க உள்ள துணி இல்லக்கா" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

நான் ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். சங்கரன்கோவில், திருவேங்கடம் இரண்டும் என் பொறுப்பு. ஆறு மாத விடுப்பு புரட்டாசியில் முடிகிறது. வேலை என்பது ஸ்கூட்டரும் வெயிலும். மறியல் என்றால் ரோட்டில் நிற்க வேண்டும், கிணற்றில் யாராவது விழுந்தார்கள் என்றால் காட்டுக்குள் நடக்க வேண்டும். இந்த உடம்போடு இரண்டு மாடி ஏறினாலே முழங்கால் பேசியது. இது நான் வெளியே சொன்ன காரணம். வெளியே சொல்லாத காரணம், அலுவலகம் போகும் முதல் நாள் யாரும் எழுந்து எனக்கு இடம் விடக்கூடாது என்பது.

மறுபக்கம் குழந்தை இருந்தாள். அவளுக்கு என் பாலைத் தவிர வேறு உணவு கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாங்கள் கொடுத்ததில்லை. உடம்பைக் குறைக்க வேண்டும், பால் குறையக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். ஒரு செய்தியாக இருந்தால் நாலு பேரிடம் கேட்டு எழுதியிருப்பேன். என் உடம்பு என்பதால் யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டில் நானும் கணவரும் குழந்தையும் மட்டும்தான். அவருக்கு மேலநீலிதநல்லூர் ஒன்றிய அலுவலகத்தில் வேலை. எட்டே முக்காலுக்கு பைக்கை எடுத்தால் மாலை ஆறரைக்குத் திரும்புவார். அவருடைய அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். எனக்கு மதினி. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள், வீட்டுக்காரருக்குத் துணிக்கடை. நான் பிள்ளையோடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு மதினி தூக்குவாளியோடு வருவார். உள்ளே உளுந்தங்களி. கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, சூடு ஆறாமல் வரும். மத்தியானத்துக்குப் பூண்டுக் குழம்பு. இரவுக்கு முருங்கைக்கீரை.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மதினி எதிரில் உட்கார்ந்துகொள்வார். வாளி காலியாகும் வரை எழுந்திருக்க மாட்டார். பால் ஊற வேண்டாமா என்பார். பாதி போதும் என்று ஒரு நாள் சொன்னதற்கு, மீதியை மாலை ஐந்து மணிக்கு மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்தார். அதே மதினிதான், தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. பிள்ளை பெற்றவள் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்பது அவர் கணக்கு. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். வேளைக்கு ஒரு டம்ளர். அதை மட்டும் நான் ஒரு வார்த்தை மறுக்காமல் கடைப்பிடித்தேன். வயிறு குறையும் என்றால் எதையும் நம்பத் தயாராக இருந்தேன்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது யோசனை வந்தது.

எங்கள் ஊர் அம்பாளுக்கு எடுக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதிலிருந்து, அவள் தவத்துக்கு இரங்கி சுவாமி காட்சி கொடுக்கும் தபசுக் காட்சி வரை ஊர்க்காரர்கள் கோவிலைச் சுற்றி வருவார்கள். நூற்றெட்டு, ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி. ஆடிச்சுற்று என்று பெயர். சுற்றுகிறவர்களின் கால் வலியை அம்பாள் வாங்கிக்கொள்வாள் என்பார்கள். எட்டு வருடம் இதைச் செய்தியாக எழுதியிருக்கிறேன், எட்டு வருடமும் ஏறக்குறைய ஒரே வரிகளில். மதினி வருடாவருடம் ஐநூற்றொன்று சுற்றுகிறவர்.

இந்த ஊரில் ஒரு பெண் சாப்பிடவில்லை என்றால் பத்துப் பேர் காரணம் கேட்பார்கள். விரதம் என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நடைக்கும் அப்படியே. பிள்ளைக்காரி விடிகாலையில் ஒன்றரை மணி நேரம் தெருவில் வேகமாக நடந்தால் என்னவோ ஏதோ என்பார்கள். கோவிலைச் சுற்றினால் வழி விடுவார்கள்.

ஆடி முதல் தேதிக்கு முந்தின மாலை மதினியிடம் சொன்னேன். நூற்றெட்டுச் சுற்று நேர்ந்திருக்கிறேன், ஆடி முடியும் வரை ஒருபொழுது, பகல் ஒரு வேளைதான் சாப்பாடு என்று. யாருக்காக என்று மதினி கேட்டார். அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. தொட்டிலைப் பார்த்தேன்.

"பிள்ளைக்குத்தான் மதினி" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. என் நெற்றியில் திருநீறு பூசினார். என் கணவர் மட்டும், பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது பட்டினி கிடப்பதா என்று இழுத்தார். மதினி அவரைப் பேச விடவில்லை. "நீ என்னலே கண்ட. அம்பாள் பாத்துக்கிடுவா. போயி உன் ஆபீஸ் சோலியப் பாரு" என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தூக்குவாளி வரவில்லை.

அதன் பிறகு நடந்ததை நாள்வாரியாகச் சொல்ல முடியும், அப்போதே குறித்து வைத்திருந்தேன். காலையில் சர்க்கரை இல்லாத காப்பி. மத்தியானம் ஒரு மணிக்குச் சோறு, ஒரு காய், மோர். இரவில் ஒரு வாழைப்பழம், சில நாள் அதுவும் இல்லை. தண்ணீர் மூன்று டம்ளர். நான்காம் நாள் எழுபது. பத்தாம் நாள் அறுபத்தொன்பது. அதற்குள் கொடி ஏறிவிட்டது. ஐந்தரை மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்து, கணவர் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, மதினியோடு கிளம்புவேன். ஒரு நாளைக்கு ஒன்பது சுற்று. மதினி சேலை முந்தியில் புளியமுத்துகளை முடிந்து வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஒன்று என்று இந்த முடிச்சிலிருந்து அந்த முடிச்சுக்கு மாற்றுவார். எனக்கும் சேர்த்து அவர்தான் எண்ணினார். அவர் கால் தரையில் படுவது தெரியாது. நான் ஈரக்கல்லில் சேலை தடுக்காமல் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வியர்வையோடு வீட்டுக்கு வந்து எடை பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே நாள் முழுக்கக் காத்திருந்தேன். பதினேழாம் நாள் அறுபத்தேழரை. ஒரு பழைய ரவிக்கையில் மேலே இரண்டு கொக்கிகள் மாட்டின. கண்ணாடி முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நாட்களில் குழந்தை அதிகம் அழவில்லை. முன்பு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அழுது ஊரைக் கூட்டுகிறவள், இப்போது மூன்று, நான்கு மணி நேரம் தூங்கினாள். எழுந்தால் குடிக்கத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் வாயை எடுத்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். மறுபடி பிடிப்பாள், மறுபடி விடுவாள். பிறகு அப்படியே தூங்கிவிடுவாள். பிள்ளை சமர்த்தாகிவிட்டாள் என்று நான் நினைத்தேன். விரதத்தின் பலன் என்று மதினி நினைத்தார்.

கவனித்தவர் என் கணவர். மாலையில் கொடியிலிருந்து துணி எடுத்து மடிப்பது அவர் வேலை. ஒரு நாள் மடித்துக்கொண்டே, துணி குறைந்திருக்கிறதே, பாதியைத் துவைக்காமல் விட்டுவிட்டாயா என்று கேட்டார். குழந்தை நனைக்கும் துணி முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். அன்று ஆறு. இல்லை, அவ்வளவுதான் இருந்தது என்றேன். நல்லதாகப் போயிற்று, எனக்கு வேலை குறைந்தது என்றும் சொன்னேன். அவர் அந்த ஆறு துணிகளையும் மறுபடி ஒருமுறை எண்ணிவிட்டு உள்ளே வைத்தார்.

சுற்றத் தொடங்கிய எட்டாம் நாள், மொத்தக் கணக்கில் எழுபத்தோராவது சுற்றில், மதில் ஓரத்தில் தரை சாய்வது போல இருந்தது. கையை நீட்டிக் கல்லைப் பிடித்துக்கொண்டேன். மதினி திரும்பி வந்தார். உட்காரட்டுமா என்றதற்கு, சுற்று நடுவில் உட்காரக்கூடாது, முடித்துவிட்டு உட்காருவோம் என்றார். அவர் மனதில் கொடுமை எதுவும் இல்லை. பிள்ளைக்காகச் சுற்றுகிறவள் பாதியில் உட்கார்ந்தால் அது பிள்ளைக்கு ஆகாது என்ற பயம். என் இடுப்பில் கை கொடுத்து அந்தச் சுற்றையும் அடுத்ததையும் முடிக்க வைத்தார். எழுபத்திரண்டு.

மறுநாள் புதன்கிழமை. அன்று காலை சுற்றப் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். எங்கள் குழந்தைக்கு ஊசி எதுவும் இல்லை, எடை மட்டும் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். கணவர் பாதி நாள் விடுப்புப் போட்டு உடன் வந்தார். துணிக் கணக்கைத் தவிர அவர் மனதில் வேறெதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நர்ஸ் குழந்தையின் சட்டையைக் கழற்றித் தராசில் கிடத்தினார். எண்ணைப் பார்த்தார். தூக்கிவிட்டு, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி கிடத்தினார். ஐந்து கிலோ தொள்ளாயிரத்து அறுபது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே தராசில் ஐந்து தொள்ளாயிரம். அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன புள்ளியோடு கோடு இழுத்தார். அதுவரை மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு மேசை விளிம்பு மாதிரிப் படுத்திருந்தது.

நர்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். திருவேங்கடம் பக்கத்துப் பேச்சு. வரிசையில் இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள், இருந்தும் அவசரப்படவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்ததா, வயிறு போனதா, வாந்தி எடுத்தாளா, ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒன்றுக்குப் போகிறாள் என்று கேட்டார். ஆறு முறை என்று என் கணவர் சொன்னார். முன்னால் பன்னிரண்டு என்றும் அவரே சொன்னார். நர்ஸ் என் பக்கம் திரும்பி, நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நான் மற்றவர்களிடம் கேட்கும் முறை அது. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை நேரத்தைச் சொல்லச் சொன்னால் உண்மை வந்துவிடும். ஐந்து மணிக்குக் காப்பி. ஒரு மணிக்குச் சோறு. அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

விரதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆடிச்சுற்று, பிள்ளைக்காக நேர்ந்தது என்றேன். கணவர் பக்கத்தில் நின்றதால் அதையே சொன்னேன்.

நர்ஸ் பேனாவை மூடி வைத்தார்.

"கால் வலிய அம்பாள் வாங்கிக்கிடுவான்னு எங்க வீட்லயும் சொல்லுவாங்க தாயி. பசிய வாங்கிக்கிடுவான்னு யாரும் சொல்லலயே" என்றார். "இப்ப உங்க விரதத்த உங்க பிள்ளைல்லா இருக்கு."

பிறகு கணவரை, டாக்டர் அறையில் கூட்டம் எப்படி என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பினார். அவர் போனதும் குரலைத் தாழ்த்தி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டார். குழந்தையைக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். என்னைத்தான் கேட்டார். மூன்றரை கிலோ என்றேன். மூன்று வாரத்திலா என்றார். தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. தனக்கும் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு யூனிஃபார்ம் பத்தவில்லை, ஒரு வருடம் வெளியே சேஃப்டி பின் தெரியாமல் நடமாடியதாகச் சொன்னார்.

உடம்பைக் குறைக்கலாம், தப்பில்லை என்றுதான் ஆரம்பித்தார். பால் கொடுப்பதாலேயே உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதன் வேகத்துக்கு விட வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ, அதற்கு மேல் போனால் நல்லதில்லை. மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், நடுவில் பசித்தால் சுண்டலோ நிலக்கடலையோ முட்டையோ. குறைக்க வேண்டியது எண்ணெய், இனிப்பு, பலகாரம். வேளையைக் குறைக்கக்கூடாது. நடக்கலாம், பால் கொடுத்த பிறகு நடந்தால் மாரும் கனக்காது. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மட்டும் அவர் தலையில் கை வைத்தார். தண்ணீரால் வயிறு வைக்காது, ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்க வேண்டும் என்றார்.

டாக்டர் குழந்தையை நன்றாகப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை, பால்தான் போதவில்லை என்றார். தூங்கினாலும் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி இரண்டு பக்கமும் கொடுக்கச் சொன்னார். ஒரு வாரம் தருகிறேன், அடுத்த புதன் எடை ஏறாவிட்டால் மேல்பாலாகப் பவுடர் பால் எழுதித் தர வேண்டியிருக்கும் என்றார். நடுவில் பிள்ளை சோர்ந்தாலோ, துணி இன்னும் குறைந்தாலோ புதன்வரை காத்திருக்கக்கூடாது என்றும் சொன்னார்.

பைக்கில் கணவரோடு திரும்பினேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "உனக்கு உடம்பு கொறையணும்னுதான இதெல்லாம்" என்றார். ஆமாம் என்றேன். எப்போது தெரியும் என்று கேட்டேன். தினமும் கோவிலிலிருந்து வந்ததும் தீபாராதனை பார்க்கிற மாதிரி எடை பார்க்கிறாயே என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. நேர்த்திக்கடன் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் இங்கே யாரால் என்ன சொல்ல முடியும் என்பது எனக்கே தெரியும். அதற்காகத்தானே சொன்னேன்.

சாப்பிடத் தொடங்குவது எளிது. மதினியிடம் சொல்வதுதான் கடினம். பிள்ளைக்காக நேர்ந்ததைப் பாதியில் விட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அவர் நிஜமாகவே பயப்படுவார். டாக்டர் சொன்னார் என்று சொன்னால் அந்தப் பயம் போகாது, இரண்டு மடங்கு ஆகும். எடை ஏறாததற்கே நான் எதையோ குறையாகச் செய்துவிட்டதுதான் காரணம் என்று இன்னொரு நேர்ச்சையை ஆரம்பிப்பார். பயத்தைப் போக்க ஒரே வழி, அந்த நேர்ச்சையே இல்லை என்று சொல்வது.

அன்று மாலை அவர் வீட்டுக்கே போனேன். மதினி அடுக்களையில் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், தையல்கடை, எடை, குழந்தையின் கோடு. பிள்ளைக்காக நான் எதுவும் நேரவில்லை என்று கடைசியில் சொன்னேன். சல்லடை நின்றது.

"அப்ப பிள்ளைக்குன்னு அம்பாள்ட்ட ஒரு வார்த்தையும் சொல்லலயா?"

"இல்ல மதினி."

"மனசுக்குள்ளகூட?"

"இல்ல."

மதினி சல்லடையைக் கீழே வைத்தார். நீளமாக மூச்சு விட்டார். "நல்லவேள" என்றார். மாவுக் கையோடு என்னிடமிருந்து குழந்தையை வாங்கி, அவள் தொடையைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கைகளிலும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். தினமும் தூக்குகிற பிள்ளை, எனக்கே தெரியலயே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் அழத் தொடங்கியிருந்தேன்.

"ஏட்டி, உடம்பு கொறையணும்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான. களில எண்ணெயக் கொறச்சிருப்பேம்லா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, மிச்சம் முப்பத்தாறு சுற்று இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று அவரே கேட்டார். சொன்ன வாக்கு அப்படியே நிற்கக்கூடாது, தன் கணக்கோடு அதையும் சேர்த்துச் சுற்றிவிடுவதாகச் சொன்னார். யாருக்கு என்று சொல்லிச் சுற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"உன் ரவிக்கைக்குன்னு சொல்லுதேன். அம்பாளும் பொம்பளதான, வெளங்கும்" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்குத் தூக்குவாளி வந்தது. களியின் குழியில் எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் இல்லை, கருப்பட்டியும் பாதி. ஆனால் அளவு குறையவில்லை. தண்ணீர் விஷயத்தில் மதினி லேசில் இறங்கி வரவில்லை. நர்ஸ் சொன்னதைக் கணவர் இரண்டு முறை சொன்னார். கடைசியில் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தால் தண்ணீர் மருந்தாகிவிடும் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்து, ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு சொம்பு போனது. முதல் இரண்டு நாள் ஒன்றும் மாறவில்லை. குழந்தையை எழுப்பி மாரில் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்குவாள். பாதத்தைச் சுண்டி, காதைத் தடவி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து எழுப்பினேன். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்டது. எத்தனை நாளாக அந்தச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று கொடியில் எட்டுத் துணி. மறுநாள் பத்து. இரவு பதினோரு மணிக்குத் தொண்டை கிழிய அழுதாள். என் கணவர் எழுந்து உட்கார்ந்து, சத்தம் வந்துட்டு என்றார்.

அந்த வாரம் நான் எடை பார்க்கவில்லை. எடைக் கருவியைக் கணவர் பரணில் ஏற்றிவிட்டார். தபசுக் காட்சி அன்று ஊரே தெற்கு ரத வீதியில் இருந்தபோது நான் வீட்டில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாக வந்த நிருபர் போனில் ஆடிச்சுற்றைப் பற்றி நாலு வரி கேட்டார். சொன்னேன்.

புதன்கிழமை நர்ஸ் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு கிலோ நூற்றெழுபது. அவர் அட்டையில் கோட்டை இழுத்துவிட்டு, என் கணவரிடம் காட்டினார். மேல்பால் வேண்டாம், இப்படியே போகட்டும் என்று டாக்டர் சொன்னார். மதினியும் அன்று கூட வந்திருந்தார். நர்ஸிடம், தண்ணீரில் சீரகம் போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடுங்கள் என்றார் நர்ஸ். மதினி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், தான் ஜெயித்துவிட்டதாக ஒரு திருப்தி இருந்தது.

ஆவணியிலிருந்து மாலை ஐந்தரைக்குப் பால் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். முதலில் இருபது நிமிடம், பிறகு முக்கால் மணி நேரம். வெறும் நடைதான், நேர்ச்சை என்று எதுவும் சொல்லவில்லை. முதல் வாரம் தெருவில் மூன்று பேர் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். உடம்பு குறைக்க என்றேன். அதற்குப் பிறகு அதில் இரண்டு பேர் கூடவே நடக்க வந்துவிட்டார்கள். முதல் மாதம் ஒன்றரை கிலோ இறங்கியது, பிறகு வேகம் குறைந்தது, ஒரு மாதம் ஒன்றுமே இறங்கவில்லை. புரட்டாசியில் வேலைக்குப் போனபோது அறுபத்தாறு. தளர்வாகத் தைத்த நான்கு புது ரவிக்கைகளோடு போனேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அடுத்த ஆனியில் அறுபத்திரண்டு. அங்கேயே நின்றுவிட்டது.

குழந்தை ஒரு வயது எட்டு மாதத்தில் தானாகவே பால் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள்.